அம்பர் மீனும் அறிவின் தராசும்

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் நிகழ்ந்ததாக வரலாற்றாசிரியர் பலர் குறிப்பிடும் ஒரு படைப்பயணம் ஹதீஸ் நூல்களில் ‘ஸீஃபுல் பஹ்ர்’ என்றும் ‘கபத்’ என்றும் வழங்கப்படுகிறது. அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு தோழர்கள் செங்கடற் கரையை நோக்கி அனுப்பப்பட்டனர். கொண்டு சென்ற பேரீச்சம்பழம் குறைந்து, இறுதியில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பழம் என்றாயிற்று. அதுவும் தீர்ந்தபின் முள்மரத்து இலைகளை உதிர்த்து நீரில் நனைத்து உண்டனர். அந்த இலைக்குரிய சொல்லே ‘கபத்’. அந்நிலையில் கடல் ஒரு பேருயிரைக் கரையில் ஒதுக்கிற்று. அதன் பெயர் அம்பர். பதினைந்து நாட்கள் என்றும், பதினெட்டு நாட்கள் என்றும், ஒரு மாதம் என்றும் வெவ்வேறு அறிவிப்புகள் கூறும் காலம் வரை அதனை உண்டு அவர்கள் உடல் தேறினர். அதன் விலா எலும்பை நிறுத்திவைத்தபோது, ஆளேறிய ஒட்டகம் அதன் அடியில் நுழைந்து சென்றது. மதீனா திரும்பியதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை அல்லாஹ் அளித்த உணவு என்று ஏற்று, தாமும் அதில் சிறிது கேட்டு வாங்கி உண்டார்கள். நிகழ்ச்சியில் நேரில் பங்குகொண்ட ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது.

இந்த ஹதீஸைச் சட்ட அறிஞர்கள் கடலுணவு பற்றிய ஆதாரமாகவே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். அதே ஹதீஸ் இன்றைய உயிரியலார் கேட்கும் ஒரு கேள்வியையும் நம்முன் வைக்கிறது. கரையொதுங்கிய அந்த உயிர் எங்கிருந்து வந்தது? எதனை உண்டு அவ்வளவு பெரிதாக வளர்ந்தது? ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அரபு மாலுமிகளும் மருத்துவர்களும் வணிகர்களும் வெவ்வேறு வடிவில் எழுப்பிய இக்கேள்விக்கு, அண்மைக் காலத்தில் ஒரு நுண்ணிய தராசின் துணையால் விடை கிடைத்து வருகிறது. அத்தராசின் வரலாற்றையும் அது நம் கடலைப் பற்றி உணர்த்தும் செய்தியையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீனா, வேறோர் உயிரா?

ஹதீஸில் அம்பரைக் குறிக்க வரும் ‘ஹூத்’ என்ற சொல், யூனுஸ் (அலை) அவர்களின் வரலாற்றில் திருக்குர்ஆன் எடுத்தாளும் சொல்லேயாகும். பெருமீன் என்பது அதன் பொருள். கடலில் தானே இறந்த உயிரும் ஆகுமானதே என்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் இதனைச் சான்றாகக் கொண்டனர். மீனினம் தவிர்ந்த பிற கடலுயிர்களை ஏற்காத ஹனஃபி மத்ஹபினர், அம்பரும் மீன் வகையே என்று விளக்கினர். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மரபும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி மரபும் வேரூன்றியிருப்பதால், இவ்விரு விளக்கங்களும் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதியவையல்ல. திமிங்கலம் நுரையீரலால் மூச்சுவிட்டுக் குட்டி ஈன்று பாலூட்டும் உயிர் என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்தது. எனினும் சட்டத்துறையில் ஒரு சொல்லின் பொருள் மக்கள் வழக்கை ஒட்டியும் அமைவதால், விலங்கியலின் பகுப்பும் ஃபிக்ஹின் பகுப்பும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை.

அம்பர் என்னும் பெயர் உயிருக்கு மட்டுமன்றி, அதனோடு தொடர்புடைய நறுமணப் பொருளுக்கும் உரியது. தமிழில் அதனை மீனம்பர் என்பர். கடல் கரையில் எறியும் அப்பொருளுக்கு வரி உண்டா என்பது அக்காலத்துப் பெருவினாவாக இருந்தது. அது புதையல் அன்று, கடல் தள்ளிய பொருளே என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. ஹாரூன் அர்ரஷீதுக்காகக் ‘கிதாபுல் கராஜ்’ எழுதிய இமாம் அபூ யூஸுஃப் அவர்களோ, அதில் ஐந்திலொரு பங்கு அரசுக்கு உரியது என்றார்கள். பொருளாதார மதிப்பு மிகுந்த ஒரு சரக்காக அது விளங்கியதை இவ்விவாதமே காட்டுகிறது.

மாலுமிகள் கண்டதும் கேட்டதும்

கி.பி. 851இல் (ஹிஜ்ரி 237) எழுந்ததும், ஸுலைமான் என்னும் வணிகரின் பெயரோடு சேர்த்து வழங்கப்படுவதுமான ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’ என்ற நூலில் இந்தியப் பெருங்கடலின் பெருமீன்கள் இடம்பெறுகின்றன. பாய்மரம்போல் முதுகு தோன்றுவதையும், கலங்கரை விளக்கம்போல் நீர் உயர்ந்து எழுவதையும் அது வருணிக்கிறது. இரவில் அவை கப்பலின்மீது மோதிவிடாதிருக்க மாலுமிகள் மரக்கட்டைகளைத் தட்டி ஓசை எழுப்பினர் என்றும் கூறுகிறது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நூலுக்குத் தொடர்ச்சி எழுதிய ஸீராஃப் நகரத்து அபூ ஸைத், அந்த உயிரின் எலும்புகள் கட்டுமானத்துக்கும் அதன் கொழுப்பு கப்பற் பலகைகளின் இடைவெளியை அடைப்பதற்கும் பயன்பட்டதைத் தெரிவிக்கிறார். ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட அக்காலத்துக் கப்பல்களுக்கு அந்த எண்ணெய் இன்றியமையாத பொருளாயிற்று.

கண்ணால் கண்டவற்றில் தெளிவாக இருந்த இந்நூல்கள், காணாதவற்றில் தடுமாறின. அம்பர் கடலடியில் விளைந்து புயலால் மேலெழுகிறது, பெருமீன் அதனை விழுங்கி மாண்டு மிதக்கிறது என்பதே அபூ ஸைதும் மஸ்ஊதியும் பதிவுசெய்த செய்தி. கடலடி ஊற்றிலிருந்து சுரக்கிறது என்று மருத்துவர் சிலர் கருதினர். உண்மை இதற்கு நேர்மாறானது. எண்ணெய்த் திமிங்கலம் உண்ணும் கணவாய்களின் செரிக்காத அலகுகளைச் சுற்றி, அதன் குடலிலேயே உருவாகும் பொருள் அது. மீன் அம்பரை உண்ணவில்லை, மீனுக்குள் அம்பர் பிறந்தது. பிழை இருந்தாலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அம்பருக்கும் திமிங்கலத்தின் வயிற்றுக்கும் தொடர்புண்டு என்பதை இந்நூல்கள் விடாது பற்றியிருந்தன. அவர்களிடம் குறைவாக இருந்தது, ஆழ்கடலில் நிகழ்வதை அளந்தறியும் கருவியே.

தராசின் மரபு

அளவையை அறிவின் அடிப்படையாகக் கொண்ட மரபு முஸ்லிம் அறிஞர்களிடம் வலுவாக இருந்தது. செவிவழிச் செய்தியையும் நேரிற் கண்டதையும் பிரித்துணர வேண்டும் என்று இந்தியாவைப் பற்றிய தம் நூலின் முகப்பிலேயே வற்புறுத்திய அல்பீரூனி (973–1048), மணிகளையும் உலோகங்களையும் நீரில் அமிழ்த்தி அவற்றின் ஒப்படர்த்தியை நுட்பமாகக் கண்டறிந்தார். அவர் வழியில் அல்காஸினி கி.பி. 1121இல் எழுதிய நூலின் பெயரே ‘மீஸானுல் ஹிக்மா’, அறிவின் தராசு. தோற்றத்தில் ஒன்றாகத் தெரியும் இரு பொருள்களை எடையால் வேறுபடுத்துவது அதன் பணி.

இருபதாம் நூற்றாண்டில் அதே நெறி அணுவளவுக்கு இறங்கிற்று. ஒரே தனிமத்தின் அணுக்களுள் எடையில் சற்றே வேறுபடுபவை உண்டு என்பதை உணர்ந்து, 1913இல் ஃபிரெடெரிக் ஸாடி அவற்றுக்கு ஐசோடோப் என்று பெயர் சூட்டினார். 1919இல் ஆஸ்டன் அவற்றை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியை அமைத்தார். இவற்றுள் கதிர்வீசிச் சிதையாமல் நிலைத்திருப்பவை நிலைத்த ஐசோடோப்புகள் எனப்படும். இயற்கையிலுள்ள கரியணுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 99 பங்கு எடை 12 உடையவை, எஞ்சியவை எடை 13 உடையவை. நைட்ரஜனில் எடை 15 உடையவை ஆயிரத்துக்கு நான்கு அளவே. இந்தச் சிறுபங்கு இடத்துக்கிடம், உணவுக்குணவு மிக நுண்ணிய அளவில் கூடும், குறையும். அவ்வேறுபாட்டை ஒரு பொது அளவையோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு இத்தனை என்று கணக்கிடுகின்றனர்.

இதனை விளங்கிக்கொள்ளக் கடலுக்குச் செல்ல வேண்டியதில்லை. வங்கக் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் உள்ள கள்ளக்குறிச்சியின் வயல்களே போதும். அங்கு விளையும் நெல்லும் மரவள்ளியும் ஒருவகை ஒளிச்சேர்க்கை உடையவை. கரும்பும் மக்காச்சோளமும், கல்வராயன் மலையில் பயிராகும் சாமையும் தினையும் மற்றொரு வகை. முதல்வகைப் பயிர்கள் கனத்த கரியைப் பெரிதும் ஒதுக்குவதால் அவற்றின் அளவு ஏறத்தாழ ‘மைனஸ் 27’ என்றும், இரண்டாம் வகையின் அளவு ஏறத்தாழ ‘மைனஸ் 12’ என்றும் அமைகின்றன. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மயங்குவதில்லை. கல்வராயன் மலையில் எடுக்கும் தேனில் யாரேனும் கச்சிராயப்பாளையத்து ஆலைச் சர்க்கரையைக் கலந்துவிட்டால், நாவால் அறிய இயலாத அக்கலப்பை இந்தத் தராசு காட்டிவிடும். பூந்தேன் பெரும்பாலும் முதல்வகைத் தாவரங்களிலிருந்து வருவது, கரும்புச் சர்க்கரை இரண்டாம் வகை. உலகெங்கும் தேனின் தூய்மையைச் சோதிக்க இம்முறை பயன்படுகிறது. அரிசியிலிருந்து எடுத்த பாகினைக் கலந்தால் மட்டும் இச்சோதனை ஏமாந்துபோகும், அதுவும் முதல்வகையைச் சேர்ந்ததாதலால். தராசு பொய் சொல்வதில்லை. ஆயினும் அதனிடம் கேட்ட கேள்விக்கே அது விடை தரும்.

பயிரில் உள்ள அளவு அதனை உண்பவரின் உடலுக்கும் இறங்குகிறது. 1977இல் ஃபோகலும் வான் டெர் மெர்வேயும் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துத் தொல்மனிதரின் எலும்புகளைச் சோதித்து, அவர்கள் மக்காச்சோளம் உண்ணத் தொடங்கிய மாற்றத்தைக் காட்டினர். அடுத்த சில ஆண்டுகளில் டெனிரோவும் எப்ஸ்டைனும் உணவின் கரி, நைட்ரஜன் அளவுகள் விலங்கின் உடலில் எவ்வாறு படிகின்றன என்பதைச் சோதனைகளால் நிறுவினர். உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் கனத்த நைட்ரஜன் ஆயிரத்துக்கு மூன்று நான்கு அளவு உயர்கிறது. எனவே ஓர் உயிர் இரையாக இருந்ததா, வேட்டையாடியதா என்பதையும் அது சொல்லும்.

உடலே நாட்குறிப்பு

கடலிலும் இவ்விதியே செல்லும். வெப்பக் கடல்களின் நுண்தாவரங்கள் கனத்த கரியை மிகுதியாகவும், அண்டார்க்டிகாவை ஒட்டிய குளிர்க்கடலின் நுண்தாவரங்கள் குறைவாகவும் கொண்டுள்ளன. ஆகவே எந்தக் கடலில் இரையெடுத்ததோ அந்தக் கடலின் முத்திரை திமிங்கலத்தின் உடலில் பதிகிறது. தோலில் சில வாரங்களின் செய்தியும் எலும்பில் பல ஆண்டுகளின் சராசரியும் இருக்கும். இவற்றினும் சிறந்த ஏடு, பல்லில்லாத் திமிங்கலங்களின் மேல்தாடையில் தொங்கும் சல்லடைத் தகடுகள். நம் நகம்போல் ஆண்டுதோறும் வளரும் அத்தகடு, ஒருமுறை உருவான பின் மாறுவதில்லை. அதன் நீளவாக்கில் சிறு இடைவெளிகளில் துகளெடுத்துச் சோதித்தால், பல ஆண்டுகளின் பயணம் வரிசையாக வெளிப்படும்.

1989இல் ஷெல் என்பவரும் அவருடன் உழைத்தோரும் வடதுருவத்தை ஒட்டி வாழும் வில்தலைத் திமிங்கலத்தின் தகடுகளில் இவ்வாறு ஏறியிறங்கும் ஆண்டு வரைகளைக் கண்டனர். பெரிங் கடலுக்கும் போஃபோர்ட் கடலுக்கும் இடையே அது சென்றுவந்த பருவங்களே அவை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொங்கும் நீலத் திமிங்கலம் 1891இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் கரையொதுங்கியது. பேணிவைக்கப்பட்டிருந்த அதன் தகட்டைச் சோதித்து, அதன் இறுதி ஆண்டுகளின் பயணத்தையும் அது கருவுற்றிருந்ததற்கான சாத்தியத்தையும் நூற்றாண்டுக்குப் பின் அறிஞர் கணித்தனர். அர்ஜென்டினாக் கரையின் ரைட் திமிங்கலங்களைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வு, எந்தக் கடலுக்குச் சென்று இரைதேடுவது என்பதைக் குட்டி தாயிடமிருந்து கற்றுக்கொள்வதாகக் காட்டிற்று.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. இரு கடல்களின் அடிப்படை அளவு ஒன்றாயிருப்பின் தராசால் பிரிக்க இயலாது. பட்டினி கிடக்கும் உயிரின் நைட்ரஜன் அளவு உயர்ந்து, உயர்ந்த இரையை உண்டது போன்ற மயக்கத்தைத் தரும். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்த புகையால் வளிமண்டலத்துக் கரியின் அளவே கடந்த இரு நூற்றாண்டுகளில் மாறிவிட்டதால், பழைய எலும்பையும் இன்றைய தோலையும் ஒப்பிடுபவர் அதற்குரிய திருத்தத்தைச் செய்தாக வேண்டும்.

அரபிக்கடலின் சொந்தக் குடிகள்

இனி நம் கடலுக்கு வருவோம். அரபிக்கடலின் நடு ஆழத்தில் உயிர்வளி மிகக் குறைந்த ஒரு பெரும்படலம் உள்ளது. அங்குள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைக்கும்போது இலேசான நைட்ரஜன் வெளியேற, கனத்தது எஞ்சுகிறது. கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனத்தில் இப்படலத்தை நெடுங்காலம் ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் சையத் வாஜிஹ் அஹ்மத் நக்வி. எஞ்சிய கனத்த நைட்ரஜன் மேலெழும் நீரோடு நுண்தாவரங்களுக்கும், அவற்றின் வழியே இரால், மத்தி, திமிங்கலம் வரைக்கும் செல்கிறது. எனவே அரபிக்கடலில் இரையெடுத்த உடலுக்கும் தென்துருவக் கடலில் இரையெடுத்த உடலுக்கும் முத்திரை வேறு. இம்முத்திரையின் வேறுபாடு வெறும் கல்வி விவகாரம் அன்று என்பதைக் கடந்த நூற்றாண்டின் ஒரு துயர நிகழ்ச்சி உணர்த்தும்.

கூனல் முதுகுத் திமிங்கலங்கள் உலகின் பிற கடல்களில் கோடையில் குளிர்க்கடலில் உண்டு, குளிர்காலத்தில் வெப்பக்கடலில் ஈனும். ஆகவே அரபிக்கடலில் காண்பவையும் தெற்கிலிருந்து வரும் விருந்தாளிகளே என்று எண்ண இடமிருந்தது. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அனைத்துலக விதிகளை மீறி இக்கடலில் நுழைந்தன. கூனல் முதுகுத் திமிங்கலங்கள் மட்டும் 242 கொல்லப்பட்டன. நீலத் திமிங்கலங்கள் ஏறத்தாழ 1,300. உலகுக்குப் பொய்க்கணக்கே அளிக்கப்பட்டது. உண்மையான பதிவுகள் 1990களில்தான் யூரி மிகலேவ் போன்ற அறிஞர்களால் வெளியாயின. கொல்லப்பட்டவற்றின் வயிற்றில் இரை நிறைந்திருந்ததும், கருக்களின் வளர்ச்சி வடகோளத்தின் பருவத்தை ஒத்திருந்ததும் அப்பதிவுகளில் தெரிந்தன. அவை விருந்தாளிகள் அல்ல, இக்கடலிலேயே உண்டு இக்கடலிலேயே ஈனும் குடிகள். 2014இல் வெளியான மரபணு ஆய்வு, ஏறத்தாழ எழுபதாயிரம் ஆண்டுகளாக அவை தென்னினத்திலிருந்து பிரிந்து வாழ்வதாகக் கணித்தது. ஓமான் கரையில் கணக்கிடப்பட்டவை நூற்றுக்கும் குறைவு. வெளியிலிருந்து வரும் கூட்டமாயின் இழப்பு ஈடாகக்கூடும். தனிக்குடியாயின் கொன்றது கொன்றதுதான். எங்கு உண்கிறது என்ற கேள்வியின் கனம் இதுவே.

2017இல் ஓமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் திமிங்கலம், அரபிக்கடலைக் கடந்து இந்தியாவின் மேற்குக்கரையை அடைந்து, பின் ஓமானுக்கே திரும்பிற்று. அதற்கு இட்டிருந்த பெயர் லுபான், அரபியில் குங்கிலியம். குங்கிலியமும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல்கள் சென்ற கடலைக் குங்கிலியத்தின் பெயர்கொண்ட ஓர் உயிர் கடந்து காட்டியது நினைவில் நிற்கத்தக்கது.

நீலத் திமிங்கலங்களின் வழக்கமும் இத்தகையதே. 1982 முதல் 1984 வரை ‘டூலிப்’ என்ற ஆய்வுக்கப்பல் திருகோணமலைக் கடலில் அவற்றைக் கண்டது. இலங்கை அறிஞர் ஆஷா டி வோஸ் அவை வெப்பக்கடலிலேயே தங்கி இரையெடுப்பதை எடுத்துரைத்தார். 2018இல் அவரும் உடனுழைத்தோரும் கழிவைச் சோதித்து, தென்கடலில் உண்ணப்படும் கிரில் அன்று, ஒருவகைச் சிற்றிறாலே இங்கு முதன்மை இரை என்றனர். தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, அரேபியக் கரைகளில் ஆழ்நீரை மேலெழுப்பும்போது அவற்றுள் பல அங்கும், காற்று மாறியபின் மாலத்தீவு, இலங்கைப் பக்கமும் இரைதேடிச் செல்கின்றன என்பது சார்ல்ஸ் ஆண்டர்ஸன் முதலியோர் 2012இல் முன்வைத்த கருத்து. ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல்லே பிறமொழிகளில் பருவக்காற்றின் பெயராயிற்று. அஹ்மத் இப்னு மாஜித் பதினைந்தாம் நூற்றாண்டில் எந்நாளில் எத்துறையிலிருந்து பாய்விரிக்க வேண்டும் என்று வகுத்துரைத்ததும் அந்தக் காற்றை வைத்தே. மார்க்கோ போலோ கண்ட காயல் துறைக்கு ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல்களைக் கொணர்ந்த அதே காற்று, திமிங்கலத்தின் பந்தியையும் இடம் மாற்றி விரித்திருக்கிறது.

காயல் கரையில்

1973 ஜனவரி 14 அன்று, காயல்பட்டினத்துக்குத் தெற்கேயுள்ள மணப்பாட்டுக் கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே மணப்பாடு, குலசேகரன்பட்டினம் பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்டவை மீண்டும் ஒதுங்கின. மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் இழுத்துவிட இரவுபகலாக முயன்றும் பல மாண்டன. ஸீஃபுல் பஹ்ரின் தோழர்களுக்கு ஒதுங்கிய உடல் உணவாயிற்று. இன்று நம் கரையில் ஒதுங்கும் உடல் அறிவுக்கு உணவாக முடியும். விரலளவு தோலும் ஒரு பல்லும் எடுத்துப் பேணினால், அக்கூட்டம் கடைசியாக எந்தக் கடலில் உண்டது என்பதைத் தராசு கூறும். புதைத்துவிட்டால் அந்த ஏடு படிக்கப்படாமலே மக்கிப்போகும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சிறுவர்கள் அண்ணாந்து பார்த்துச் செல்லும் திமிங்கல எலும்புக்கூடும் அத்தகைய ஓர் ஏடே.

மற்றொரு கடமையும் நமக்கு உண்டு. இந்தியச் சட்டப்படி எண்ணெய்த் திமிங்கலம் பாதுகாக்கப்பட்ட உயிர். அதிலிருந்து பெறும் அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். ஆயினும் நம் கடற்கரை மாவட்டங்களில் அம்பர் கடத்தியோர் பிடிபட்ட செய்தி அவ்வப்போது வருகிறது. பண்டைய மருத்துவ நூல்களில் அதன் பெருமையைப் படித்த நாம், அந்நூல்களின் காலத்தில் கடலில் எத்தனை உயிர்கள் இருந்தன, இன்று எத்தனை எஞ்சியுள்ளன என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அனைத்துலகத் திமிங்கல ஆணையம் 1979இல் இந்தியப் பெருங்கடலைப் புகலிடமாக அறிவித்தது. அப்புகலிடத்தில் வாழும் குடிகள் எவை, எங்கு உண்கின்றன என்பதை அறியாமல் அவற்றைக் காப்பது இயலாது.

வானத்தை உயர்த்தித் தராசை நிறுத்தியவன் அதில் வரம்பு மீறாதிருக்கப் பணித்துள்ளான். வணிகன் தட்டில் வைக்கும் பொருளுக்கு மட்டும் அப்பணிப்பு உரியது என்று நம் முன்னோர் கருதவில்லை. கேட்ட செய்தியையும் கண்ட பொருளையும் அவர்கள் நிறுத்துப் பார்த்தார்கள். பிழைத்த இடங்களிலும் பின்வந்தோர் திருத்திக்கொள்ளத்தக்க பதிவை விட்டுச் சென்றார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து நிறுக்கத் தொடங்குவது நம் பங்கு. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.